சூட்டோடு மூடிய டப்பா

அந்த வீட்டில் மருமகள்கள் இரண்டு, அடுப்படி ஒன்று. காலை பத்து மணி வரை அடுப்பு பெரியவளுக்கு, பத்துக்கு மேல் சின்னவளுக்கு. உட்கார்ந்து பேசிப் போட்ட ஏற்பாடு இல்லை இது. பேசினால்தானே உட்கார்வதற்கு? மேடைக்கு நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. இந்தப் பக்கம் பெரியவளின் உப்பு, அந்தப் பக்கம் சின்னவளின் உப்பு. ஜன்னல் கதவு கழன்று விழுந்து ஒரு வருடமாகிறது. கோடு சரியாக ஜன்னலுக்கு நடுவில் போனதால், தச்சரை யார் கூப்பிடுவது என்ற வீம்பில் அந்தக் கதவு இன்னும் மூலையில் சாய்ந்து நிற்கிறது.

சண்டை ஒரு வாணலியில் ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்த இரண்டாவது வாரம், பெரியவள் வருடக்கணக்கில் எண்ணெய் ஏற்றிப் பழக்கி வைத்திருந்த இரும்பு வாணலியைச் சின்னவள் கம்பி நாரால் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்தாள். நல்லது செய்ததாகத்தான் நினைத்தாள். "உங்க வீட்ல வாணலியே பாத்ததில்லையா? உங்கம்மா என்னத்த சொல்லிக்குடுத்தாங்க?" என்றாள் பெரியவள். அம்மாவை இழுத்ததும் சின்னவளும் பதிலுக்கு ஒன்று சொன்னாள், அது எழுதும்படியானதல்ல. அன்றைக்கு அறுந்தது பேச்சு. அவசியம் வந்தால் இருவரும் சுவரிடம் சொல்வார்கள். "குழாய மூடாம போனா தண்ணி தானா நிக்குமா?" சுவர் கேட்டுக்கொள்ளும்.

பெரியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். பதினேழு வருடம் தையல் கூடத்தில் மேற்பார்வை பார்த்தவள். தையல் நூலளவு கோணினாலும் பிரித்து எறிவாள். அங்கே அவளுக்குப் பெயரே கறார். கூடத்தை மூடியபின் அந்தக் கறாரை வீட்டுக்குக் கொண்டுவந்து மைதா மாவில் செய்யும் இனிப்புக் குச்சிகளில் காட்டினாள். வெண்ணெய் சேர்த்துப் பிசறி, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, தையல் ஸ்கேலை வைத்து விரல் நீளத்துக்கு வெட்டி, மிதமான தீயில் பொரிப்பாள். எண்ணெய் வடிந்ததும் இடித்த பட்டையும் சர்க்கரையும் கலந்த தட்டில் போட்டுப் புரட்டுவாள். சூட்டில் புரட்டினால்தான் சர்க்கரை ஒட்டும். ஆனால் சூட்டில் மூடக்கூடாது. நன்றாக ஆறிய பிறகே டப்பா. இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, சர்க்கரை கசிந்து, எல்லாம் நமத்துப்போகும்.

சின்னவளும் பார்த்துப் பார்த்து அதையே செய்தாள். எல்லாம் சரி, பொரித்த சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடியை அழுத்திவிடுவாள். அவள் புருஷன் ஒரு துண்டைப் பல்லால் இழுத்துக் காட்டி, "செருப்புக்கு அடி வைக்கலாம்" என்பான். அவள் மாவை மாற்றிப் பார்த்தாள், வெண்ணெயைக் குறைத்துப் பார்த்தாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள். மூடியைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரியவள் கதவோரம் நின்று ஒன்பது வருடம் இதைப் பார்த்தாள். சுவரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒவ்வொரு முறை மூடி அழுந்தும்போதும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பெரியவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். நடுவில் கோடில்லாத ஒரு மேடை. தெருமுனை பேக்கரிக்காரர் எங்கேயோ அவள் செய்ததைத் தின்றுவிட்டு வீடு தேடி வந்தார். "செவ்வாய்க்கிழமை ஒரு டப்பா போட்டு வைங்கம்மா, பதினோரு மணிக்கு வர்றேன். இதே மாதிரி மொறுமொறுன்னு இருந்தா தினமும் எனக்கே போடுங்க. கடைக்குப் பின்னால சமையல் ரூம் ஒண்ணு சும்மா கிடக்கு, சாவிய உங்ககிட்டயே குடுத்துடறேன்." சாவி என்ற சொல் அவள் காதிலேயே நின்றுவிட்டது. புருஷனிடம் சொன்னாள். அவர் வாயில்லாப் பூச்சி, "சரி" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கடைசித் துண்டையும் புரட்டி எடுத்தாள். எல்லாவற்றையும் பெரிய தட்டில் பரப்பி, காற்று படட்டும் என்று ஜன்னலடியில் தன் பக்கமாக வைத்து, பக்கத்தில் காலி டப்பாவையும் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நல்ல புடவை கட்டினாள். மழை தூறியது கேட்டது, நல்ல சகுனமென்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது பேக்கரிக்காரர் நேரத்துக்கு முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் டப்பா மூடியிருந்தது. அவள் மூடியில் கை வைக்கப் போனாள். ஆனால் அதற்குள் அவர் எழுந்து வந்து தாமே மூடியைத் திறந்துவிட்டார்.

மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அவர் ஒரு துண்டை எடுத்து ஒடிக்கப் பார்த்தார். அது ஒடியவில்லை, வளைந்தது. வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். "ருசி நல்லாதாம்மா இருக்கு. ஆனா நான் கேட்டது இது இல்லையே." கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். சாவி பற்றி அவரும் பேசவில்லை, இவளாலும் கேட்க முடியவில்லை.

அவர் போனதும் பெரியவள் ஒன்பது வருடத்தில் முதல்முறையாகச் சுவரை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தாள்.

"வேணும்னே செஞ்சியா?"

"சாரல் அடிச்சுதுக்கா. நனைஞ்சா நான்தான் நனையவிட்டேன்னு சொல்வீங்க. என் மேடையில தூக்கி வச்சா அதுக்கும் பேச்சு வாங்கணும். பாத்ரூம் கதவு வரைக்கும் வந்தேன், உங்கள கூப்பிட வாய் வரல. அதான் டப்பால போட்டு மூடினேன்."

"சூட்டோட எவளாவது மூடுவாளா?"

சின்னவள் டப்பாவைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், பிறகு மெதுவாகப் பெரியவளைப் பார்த்தாள்.

"நான் எப்பவும் அப்படித்தானே மூடறேன். நீங்க அங்கதானே நிப்பீங்க, கதவுகிட்ட."

பெரியவள் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் சின்னவள் புருஷன் வேலையிலிருந்து வந்தான். மேஜைமேல் கிடந்த டப்பாவில் கைவிட்டு ஒன்றைக் கடித்து இழுத்தான். "இன்னிக்கும் உன் கைவண்ணமா? அண்ணி, இவளுக்கு எப்பதான் வரும் இது?" சின்னவள் பெரியவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் செஞ்சது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பெரியவள் வாணலியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அவமானத்தில் காது சுட்டது, ஆனாலும் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்குச் சின்னவள் அடுப்படிக்குள் போனாள். பொரித்ததைத் தட்டில் பரப்பிவிட்டு, மூடியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. தன் அறையில் படுத்திருந்த பெரியவளுக்கு துண்டு ஒடியும் சத்தம் கேட்டது. கறுக். கொஞ்சம் கழித்து மறுபடியும், கறுக். இந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டது என்று வயிறெரிய விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாள்.

அடுப்படியில் சின்னவள் யாருடனோ போனில், "நேத்து சூட்டோட மூடினது நான்தாங்க, அக்கா இல்ல" என்று பேசி முடித்தாள். பிறகு நடந்து வந்து, அறைக்கு வெளியே நின்று, சுவரிடம் சொன்னாள்.

"பேக்கரிக்காரர் நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றாராம்."