தசரதனின் இரண்டு காலைகள்

1991-ஆம் வருஷம் பஸ் நிறுத்தத்திலிருந்து பென்னலூர் ரப்பர் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தசரதன் நூறு இடத்தில் நின்றார். சரி, நூறு என்பது என் வாய்க்கொழுப்பு, ஆறு இடம். ஆனால் ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு ஆறும் நூறுதான்.

ரப்பரோடு கந்தகத் தூளை அளந்து கலப்பது அவர் வேலை. நெஞ்சுவலிக்கு மாத்திரை ஆரம்பித்த புதிதில் நடை லேசாக இருந்தது. நைட் ஷிஃப்ட் வந்தபின் வலி மாத்திரைக்கு மசியவில்லை. சூப்பர்வைசர் ராஜசேகர் சொல்லிவிட்டார்: "டாக்டர் சர்டிபிகேட் இல்லாம ஒண்ணாந்தேதி வராதீங்க. வேலை போயிடும்."

மனைவி முனியம்மாள் அவரை டாக்டர் நரசிம்மனிடம் இழுத்துப் போனாள்.

"ஒரு வேள கூட வுட்டதில்ல சார்," என்றார் தசரதன் அலுப்போடு.

"காலையும் மத்தியானமும்தானே எழுதினேன்? நைட் ஷிஃப்ட்ல எப்படிப் போடுறீங்க?"

"ஊருக்கு விடியறப்ப ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. எனக்கு விடியறது சாயங்காலம்தானே? அதுக்கு ஒண்ணு. நடுராத்திரி சோறு துன்னுட்டு ஒண்ணு."

"ரெண்டு சூரியன் வச்சிகினு கீறாரு சார் இந்த ஆளு," என்றாள் முனியம்மாள்.

டாக்டர் விளக்கினார். மாத்திரையிலிருந்து உடம்பு ஒரு வாயுவை உண்டாக்குகிறது. ரத்தக்குழாயைத் தளரச் சொல்லும் சேதி அதுதான். அதைப் பிடித்துவைத்து, வேண்டும்போது விடுவதில் உடம்பிலுள்ள கந்தகச் சேர்மங்களுக்குப் பங்குண்டு. ஓயாமல் மாத்திரை போனால் அவை தீர்ந்துவிடுகின்றன என்பது ஆராய்ச்சிக்காரர்களின் ஊகம். ஊகம் சரியோ தப்போ, தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் மாத்திரை மறுபடி கேட்கிறது.

"கந்தகமா? எனக்குள்ளயா?" தசரதன் மஞ்சள் ஏறிய தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். "அதையும் ஓவர்டைம் பாக்க வச்சிட்டனா?"

"ஆமா. இனிமே பகல் ஷிஃப்ட்தான். ரெண்டே மாத்திரை. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பார்த்துட்டு சர்டிபிகேட் தரேன்."

ஒண்ணாந்தேதி காலை, தூக்குவாளியோடு முனியம்மாளும் கூட வந்தாள். கேட்டில் நின்ற ராஜசேகர் சர்டிபிகேட்டைப் படித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பகல் ஷிஃப்ட்டா? சரி, உள்ள போங்க. நடக்க முடியுதா?"

"எங்கியும் நிக்கல சார்! ஒரே நட!"

முனியம்மாள் தூக்குவாளியை அவர் கையில் திணித்தாள்.

"பொய் சார். ரெண்டு எடத்துல நின்னாரு. பொட்டிக்கடையாண்ட ஒண்ணு, தோ, அந்தக் கம்பத்தாண்ட ஒண்ணு."