கரண்ட் பாட்டும் ஆமெனும்

எங்கள் பேண்டில் நாலே பேர். நாலு பேருமே கடலூரில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். கிட்டாருக்கு ஒருவன், டிரம்ஸுக்கு ஒருவன், பாட ஒருத்தி, கீபோர்டுக்கு நான். பூசை நேரத்தில் சாதுவாக இருப்போம். முடிந்ததும் பங்கு ஹாலில் சன்னல் அதிர வாசிப்போம். மின்வெட்டு தலைவிரித்தாடிய காலம். பாதிப் பாட்டில் கரண்ட் போய்விடும். அந்த எரிச்சலில் நாங்களே கட்டிய பாட்டுதான் ‘எப்ப வரும் கரண்ட்டு’. என் அப்பா லைன்மேன். “உங்கப்பாவக் கேட்டுச் சொல்லேன்” என்று என்னைக் கிண்டலடிப்பதோடு சரி, யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழா எங்களுக்கு முதல் பெரிய மேடை. கரண்ட் பாட்டு முடிந்ததும் பழக்கதோஷத்தில் என் கை ஒரு காரியம் செய்துவிட்டது. கோயிலில் பாட்டு முடிந்தால் கட்டைகளைச் சேர்த்து அழுத்தி இரண்டு தடவை மெதுவாக இழுப்பேன். அதன்மேல் சனங்கள் ‘ஆமென்’ பாடுவார்கள். அதையே அங்கேயும் இழுத்துத் தொலைத்தேன். கிட்டார்காரன் முறைத்தான். கூட்டத்தில் யாரோ ஒரு கோயில் பையன் ஆரம்பிக்க, மைதானமே ‘ஆமென்’ என்று கத்தியது. கரண்ட் கேட்டு இத்தனை பேர் ஒன்றாக ஜெபித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதோடு எங்களுக்கு ஏறுமுகம். மேல்பட்டாம்பாக்கம், ஸ்ரீமுஷ்ணம் என்று கல்யாண வரவேற்புகளுக்குக் கூப்பிட்டார்கள். சினிமாப் பாட்டு எத்தனை வாசித்தாலும் கடைசியில் கரண்ட் பாட்டும் ஆமெனும் வேண்டும்.

ஒருநாள் அப்பா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “போஸ்ட்ல ஏறுனா போதும், கீழ நின்னு உன் பாட்டத்தான் பாடுறானுங்க. ஃபியூஸ் போட்டு எறங்குனா ஆமென்னு வேற கத்துறானுங்க.”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கீபோர்டை மூடிவைத்துவிட வேண்டியதுதான். அந்த வார்த்தை வந்துவிடக்கூடாதே என்று தினமும் பயந்தேன். அவர் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் வாசித்த ஒரு மேடைக்கும் வரவில்லை. எனக்கு அதுதான் வலித்தது.

பிறகு டிரம்ஸ்காரனுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது, எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் வரவேற்பில் வாசித்துவிட்டுக் கலைந்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். பட்டுப்புடவையோடு கீபோர்டு முன்னால் நின்றேன். முதல் வரிசையில் அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். “கரண்ட்டு! கரண்ட்டு!” என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர்கள் முன்னால் அப்பாவைத் தலைகுனிய வைக்க மனசு வரவில்லை.

பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த அப்பா, தயிர்ப்பச்சடி வாளியோடு மேடையருகே வந்தார்.

“இத்தன நாளா கம்பத்து மேல நின்னு கேட்டுட்டேன். இன்னிக்கித்தான் கீழ நின்னு கேக்கப்போறேன். வாசி பாப்பா.”

வாசித்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு கட்டையே தெரியவில்லை. கை தானாகப் போனது. கடைசியில் வழக்கம்போல இரண்டு தடவை இழுத்தேன். ஹால் முழுக்க ஆமென் என்று கத்தி ஓய்ந்தது. அதன் பிறகும் ஒரு குரல் மட்டும், பூசையில் பாடுவதுபோல, நிதானமாக இழுத்துக்கொண்டே இருந்தது. வாளியைக் கீழே வைக்கக்கூட மறந்து அப்பா பாடிக்கொண்டிருந்தார்.