கறைக்கு அடியில் இருந்த வரி

என் தம்பியின் காலைக் கெடுத்தவர் என் கணவர் அல்லர். நான்.

இந்த வாக்கியத்தை நான் தம்பியிடம் சொன்னதில்லை. கணவரிடமும் சொன்னதில்லை. முன்பின் அறியாத உங்களிடம் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால்... நீங்கள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடப்போவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

நான் யாழ்ப்பாணத்தவள். ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு நூலகத்தின் பழைய ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலக் கையெழுத்தை வாசிப்பது என் தொழில். அதை இன்றைய ஆங்கிலேயராலேயே வாசிக்க முடியாது. ஓர் எழுத்து தலைகீழாகக் கிடக்கும். இன்னொன்று பக்கத்து எழுத்தின் வேடத்தில் நிற்கும். பழக ஆண்டுகள் பிடிக்கும். நான் பழகியிருந்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. நீங்கள் நினைப்பதைவிட அதிகமான பெருமை!

என் கணவர் செல்வம் கோயம்புத்தூர்க்காரர். ஈஸ்ட் டாமாக்கியில் சமையலறை அலமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் என்ஜினியர். நாள் முழுக்க மரத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கையால் மரம் இழைப்பார். மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் பழைய மரவீட்டை அதன் கராஜுக்காகவே அவர் வாங்கினார் என்று தெரிந்தவர்கள் கேலி செய்வதுண்டு.

ஒரு முறை, இங்கிலாந்திலிருந்து வேலைக்காக வரவழைத்த ஒரு கையெழுத்துப் படியின் புகைப்படங்களை அவருக்குக் காட்டினேன். ஓர் ஆங்கிலக் கப்பல் தச்சர் எழுதிய நூல். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு நான் செய்ததே போதும்.

அந்தக் காலத்துத் தச்சர்களின் நூல்களைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பல் கட்டும் கணக்கு அதுவரை தகப்பனிடமிருந்து மகனுக்கு வாய்வழியாகப் போனது. வெளியாளுக்குச் சொல்லமாட்டார்கள். பிறகு சில தச்சர்கள் எழுதத் தொடங்கினார்கள். அரசனின் கண்ணில் பட, பிரபுக்களிடம் பதவி கேட்க, சக தச்சன் ஒரு மடையன் என்று நிறுவ! கவராயத்தை ஊன்றி, வட்டத்தின் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, கப்பலின் நடுவயிற்றை வரைந்தார்கள். அகலத்தில் இத்தனை பங்கு ஆழம், இத்தனை பங்கு தட்டையான அடி என்று விதி சொன்னார்கள். அந்த ஒரு வளைவு சரியாக அமைந்தால் மீதிக் கப்பல் அதிலிருந்தே பிறந்துவிடும்.

ஒன்றை மட்டும் அவர்கள் எழுதமாட்டார்கள். தாம் கட்டிய கப்பல் சாய்ந்த கதையை.

சாய்ந்த கப்பல்கள் நிறைய இருந்தன. கரைக்கு இழுத்து வந்து, நீர்மட்டத்தில் பலகைமேல் பலகை அறைந்து, வயிற்றைப் பருமனாக்கி மறுபடியும் அனுப்புவார்கள். கப்பல்துறைப் பதிவுகளில் அந்த வேலை இருக்கும். தச்சரின் நூலில் ஒரு சொல் இராது. அதை ஒப்பிட்டு வாசித்தபோது நான் சிரித்திருக்கிறேன். இவ்வளவு கர்வமா மனிதருக்கு, என்று.

செல்வத்துக்கு அந்தப் படங்களைப் பார்த்ததும் பித்துப் பிடித்துவிட்டது.

"கலா, இந்தப் பெரியவர் சொல்ற மாதிரியே ஒரு சின்னப் படகு கட்டுவோம். நீ படிச்சுச் சொல்லு. நான் அறுக்கிறேன்."

அப்படித்தான் தொடங்கியது. சனி, ஞாயிறுகளில் நான் கராஜில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பேன். அவர் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போடுவார். அந்த நூலின் தச்சர் சிறு படகுகளுக்கெனத் தனிப் பகுதியே எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் விசா, மோர்ட்கேஜ், கார், வரி எல்லாமே செல்வத்தின் கையில்தான். நான் கேட்பவள், அவர் சொல்பவர். கராஜில் மட்டும் அது மாறியது. வேலைத்தலத்து நண்பர்களை அழைத்து வந்து, "இவங்க படிச்சாத்தான் எனக்கு அடுத்த வேலை" என்று என்னைக் காட்டுவார். அந்த நாற்காலியில் நான் வேறொருத்தியாக இருந்தேன்...

ஒரு பக்கத்தில் கறை இருந்தது. பழைய நீர்க்கறை, தேயிலைச்சாய நிறம். படகின் தட்டையான அடி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்ற விதி அந்த வரியில்தான் வருகிறது. வரியின் தொடக்கம் தெரிந்தது. அளவு வரவேண்டிய இடம் கறைக்குள் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். நிறத்தை மாற்றினேன். ஒன்றும் தெரியவில்லை.

'தெரியவில்லை' என்று சொல்வது எவ்வளவு எளிது! நான் சொல்லவில்லை.

வேறொரு தச்சரின் நூலில் போர்க்கப்பல்களுக்கு ஓர் அளவு கண்டிருந்தேன். அகலத்தில் காற்பங்கு. அதை எடுத்து இந்த மனிதரின் வாயில் வைத்தேன்.

செல்வம் கோடு போட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

"அடி ரொம்ப ஒடுக்கமாத் தெரியுதே. நல்லாப் பாத்தியா?"

"ஓம். காற்பங்கு எண்டுதான் எழுதியிருக்கு."

"அந்த இடம் தெளிவா இல்லைன்னா சொல்லிடு கலா. நான் கம்ப்யூட்டர்ல போட்டுக் கணக்குப் பண்ணிக்கறேன். ஒண்ணும் குறைஞ்சிடாது."

கவனித்தீர்களா? கதவைத் திறந்தே வைத்தார் அவர். நான் அதன் வழியாக வெளியே வந்திருக்கலாம்.

"தெளிவாத்தான் இருக்கு. நான் என்ன பொய்யே சொல்லுறன்?"

அவர் சிரித்தார். "கோச்சுக்காத. பெரியவர் சொன்னா சரிதான்" என்று சொல்லி மரத்தை அறுக்கத் தொடங்கினார்.

இனி நேசனைப் பற்றி. என் ஒரே தம்பி. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். சிறு வயதில் அகதிகளோடு ஒரு வள்ளத்தில் இந்தியாவுக்குக் கடல் கடந்தவன். அன்றிலிருந்து கடலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் கடல். அவன் ஒரு நாளும் கால் நனைத்ததில்லை. ஆனால் அத்தான் என்றால் அவனுக்கு உயிர். பலகைகளை வளைக்க வெந்நீர் ஊற்றுவதும், ஆணி பிடிப்பதும் அவன்தான். படகு முடிந்ததும் செல்வம் அவனையும் ஏறச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான்.

"அக்கா வாசிச்ச புத்தகமெண்டா நான் ஏறுறன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் தோளில் தட்டினேன்!

துறைமுகத்தின் ஒரு மூலையில், சின்ன மர இறங்குதுறை ஒன்றின் அருகே படகை இறக்கினோம். வெயில் நன்றாக இருந்தது. படகு மிதந்தபோது நண்பர்கள் கைதட்டினார்கள். செல்வம் பாயை விரித்தார். படகு சற்று நகர்ந்தது. பிறகு ஒரு காற்று... பெரிய காற்று என்று சொல்ல முடியாது. நான் அணிந்திருந்த தொப்பிகூடப் பறக்கவில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அடி அகலமான படகு என்றால் அங்கேயே நின்றிருக்கும். இது நிற்கவில்லை. சாய்ந்துகொண்டே போனது. செல்வம் நீரில் விழுந்தார். கூட இருந்த நேசன் படகிலிருந்து எட்டி இறங்குதுறையின் தூணைப் பிடித்தான். கவிழ்ந்த படகு அலையோடு திரும்பி வந்து அவன் காலைத் தூணோடு வைத்து நசுக்கியது.

அவன் கத்தியதை நான் விவரிக்கப்போவதில்லை.

முழங்கால் சிதறிப்போயிருந்தது. முதல் அறுவைக்குப் பிறகு நாங்கள் மூவரும் மட்டும் ஆஸ்பத்திரி அறையில் இருந்தோம். நேசன் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி இது:

"அத்தான், புத்தகத்தில இருக்கிற மாதிரித்தானே கட்டினனீங்கள்?"

செல்வம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலைமுடியில் இன்னும் கடல் உப்பு காய்ந்திருந்தது.

"புத்தகம் சரிதான் நேசன். கலா படிச்சதும் சரிதான். நான்தான் அளக்கறப்ப எங்கயோ தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடு."

நான் அவன் தலைமாட்டில் இருந்தேன். கையில் தண்ணீர்க் குவளை. வாயைத் திறந்தேன். "தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பெரிய சதியெல்லாம் நான் செய்யவில்லை. பொய்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிலைத்துவிடுகின்றன போலும்... யாரோ ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்.

நேசனின் முழங்கால் மடங்குவதில்லை. ஃபோர்க்லிஃப்டில் ஏற முடியவில்லை; வேலை போனது. மெல்பர்னில் இருக்கும் எங்கள் சித்தி மகளோடு போய் இருந்துவிட்டான். போகும்போது செல்வத்திடம் சொல்லிக்கொள்ளவில்லை. "அந்தாளோட இனி நான் கதைக்க மாட்டன்" என்று என்னிடம் மட்டும் சொன்னான். இன்றுவரை கதைக்கவில்லை.

செல்வம் படகைக் கராஜுக்குத் திரும்பக் கொண்டுவந்து பிழையைத் தேடினார். வளைவுகளை மறுபடி அளந்தார். பலகையில் பிழை இல்லை. பலகை வளைத்த அச்சில் பிழை இல்லை. இல்லாத ஒரு பிழையை எங்கே கண்டுபிடிப்பது! கடைசியில், சிறிய படத்திலிருந்து பெரிய அளவுக்கு மாற்றும்போது தவறியிருக்கும் என்று தானே முடிவு கட்டினார். படகை வெட்டி விறகாக்கினார். நான் கராஜ் வாசலில் நின்று பார்த்தேன்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். பழைய முறையில் படகு கட்டுகிறவர்களின் கூட்டமொன்று இங்கே உண்டு. அவர்கள் முன் எழுந்து நின்று தன் தவற்றைப் பேசினார். "அந்தத் தச்சர் சரியாகவே எழுதியிருக்கிறார், அவரை நம்பாமல் என் கைதான் பிசகியது" என்று அமைதியாகச் சொன்னார். நான்கு நூற்றாண்டுக்கு முன் செத்துப்போன ஒருவரின் பெயர் கெடக்கூடாது என்று என் கணவர் கவலைப்பட்டார். நான் பின்வரிசையில் இருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தம் கப்பல் சாய்ந்ததை எழுதாத தச்சர்களைக் கண்டு சிரித்தவள் நான். நினைவிருக்கிறதா?

இந்த ஆண்டு, அந்தக் கையெழுத்துப் படியை வைத்திருக்கும் நூலகத்தார் அதை ஒரு தனி வகை ஒளியில் மறுபடி படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். எனக்கு முன்னால் செல்வம் பார்த்துவிட்டார். ஒரு ஞாயிறு பிற்பகல் சாப்பாட்டு மேசையிலிருந்து கூப்பிட்டார்.

"கலா, இங்க வா."

திரையில் அந்தப் பக்கம் இருந்தது. கறை கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. வரியின் தொடக்கம் முன்பு போலவே தெரிந்தது. அளவு வரவேண்டிய இடத்தில்...

ஒன்றும் இல்லை.

வெறும் தாள். தச்சர் அந்த இடத்தை எழுதாமல் விட்டு, சற்றுத் தள்ளி அடுத்த விதிக்குப் போயிருந்தார். தன் தொழிலின் உயிரான அந்த ஓர் அளவைப் பிரபுக்களுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மகனின் காதில் சொல்லியிருப்பார். நான் தப்பாக வாசிக்கவில்லை. வாசிக்கவே அங்கு எதுவும் இருக்கவில்லை.

என்னோடு அத்தனை வார இறுதிகள் இருந்ததில் செல்வத்துக்கும் அந்த எழுத்து கொஞ்சம் பழகியிருந்தது. வெற்றிடத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"மை அழிஞ்சு போயிருக்கும், இல்ல?"

அழிந்த மையையும் அந்த ஒளி காட்டும் என்று அதே திரையின் மேலே எழுதியிருந்தது. அதை வாசித்துவிட்டுத்தான் அவர் என்னைக் கூப்பிட்டிருப்பார்.

"ஓம்," என்றேன். "அழிஞ்சிருக்கும்."

அவர் கணினியை மூடினார்.

அடுத்த வாரம் நேசன் கூப்பிட்டான். நான் மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். நேசனின் குரல் கேட்டால் செல்வம் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவது வழக்கம். அன்று போகவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"குளிருக்கு முழங்கால் உளையுது அக்கா. அந்த மனுசன் ஒருக்கா ஒழுங்கா அளந்திருந்தா எனக்கு இந்த நிலை வந்திருக்குமே? சொல்லுங்கோ பாப்பம்."

செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். கெஞ்சலும் இல்லை. ஒரு பதிலுக்காகக் காத்திருப்பவரின் முகம்.

"அக்கா... லைன்ல இருக்கிறியளோ?"

"ஓம்," என்றேன். "ஓம் நேசன், வந்திருக்காதுதான்."

செல்வம் தலையை ஆட்டினார். மெதுவாக, ஏதோ ஒரு கணக்குச் சரியாக வந்ததுபோல. பிறகு தோட்டத்துக்குப் போனார்.