கடைமடைக்குக் குடிவந்தவள்

ஸ்டோன் ஃபோர்க்கில் இன்றைக்குத் தண்ணீர்த் தகராறு என்றால் ஷெரீஃபிடம் யாரும் போவதில்லை, வெல்மா டோபெக்கிடம்தான் போகிறார்கள். வாய்க்கால் சங்கத்துக்கு அவள் தலைவியாகிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் அவள் டெட்ராய்ட்டிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியபோது, முதல் பனிக்கே மூட்டை கட்டிவிடுவாள் என்று சொல்லாத வாய் ஊரில் இல்லை. அப்படிச் சொன்னவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஐடஹோ மலைக்கு நகரத்திலிருந்து வருகிறவர்கள் கோடையில் மயங்கி வீடு வாங்குவார்கள், குளிரில் தெளிந்து விற்றுவிட்டுப் போவார்கள்.

வெல்மா ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் உழைத்து உழைத்து ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள். கல்யாணம் கசந்து முறிந்துபோயிருந்தது, பிள்ளை குட்டி கிடையாது. அடுக்குமாடியில் அவளுக்கு எதிர்வீட்டுக்காரர் செத்துப்போனது நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. போலீஸ்காரர் அவளிடம் வந்து, "அவர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். வருஷக்கணக்காக லிஃப்டில் கூடவே ஏறி இறங்கிய மனிதரின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. கூனிக் குறுகிப் போனாள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிகிற ஊராகப் பார்த்துப் போய்விடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அப்படித்தான் வாய்க்காலின் கடைசியில் ஒரு சின்ன வீட்டையும் குதிரைமசால் போட்ட வயலையும் வாங்கினாள். தீவனத்தை அறுத்துக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு விற்றால், பென்ஷனோடு சேர்த்துக் காலம் ஓடிவிடும் என்று கணக்கு. தண்ணீர் உரிமையும் நிலத்தோடு சேர்த்தி என்று விற்றவர் சொல்லியிருந்தார். அது என்னவோ குழாயைத் திறந்தால் வருகிற சமாச்சாரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் வந்தது, தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் சங்கத்தின் நம்பரைத் தேடிப் பிடித்து ஃபோன் செய்தாள்.

"ஹலோ, வாய்க்கால் சங்க ஆபீஸா?"

"இது என் அடுப்படிம்மா," என்றது ஒரு பெண்குரல். "ஆபீஸும் இதுதான். நான் பெர்னிஸ் ஹாக்லண்ட். தலைவர் மாட்டுக்கு மருந்து போடப் போயிருக்காரு. என்ன விஷயம்?"

"என் வயலுக்குத் தண்ணி வரல."

"எந்த வயல்?"

"கடைசி வயல்."

"கடைமடைன்னா அப்படித்தாங்க," என்றாள் பெர்னிஸ், ஏதோ வானிலை சொல்வது போல.

ஓடையின் தலைமதகில் தொடங்குகிற வாய்க்கால் ஒவ்வொரு பண்ணையாகத் தொட்டுக்கொண்டு இறங்கி, பெர்னிஸின் கணவர் ஓரின் ஹாக்லண்டின் கொட்டகையைத் தாண்டி, ஆளில்லாத ஒரு நீண்ட மேட்டைச் சுற்றி வெல்மாவின் வயலில் முடிகிறது. அவரவருக்கு முறை வைத்துத் தண்ணீர். வெல்மாவின் முறையும் தவறாமல் வரத்தான் செய்தது, தண்ணீர் மட்டும் அந்த மேட்டைச் சுற்றுவதற்குள் மண்ணுக்குள் போய்விடும். அந்தக் கோடையில் அவள் பயிர் கண்ணெதிரே கருகியது.

அடுத்த வசந்தத்தில் தூர்வாரும் நாள் வந்தது. பனி உருகியதும் வாய்க்காலில் பங்குள்ள எல்லாரும் மண்வெட்டியோடு கூடி, தலைமதகிலிருந்து சுத்தம் செய்துகொண்டே வருவது இங்கே தலைமுறை வழக்கம். வெல்மா புது மண்வெட்டியோடு போய் நின்றாள். விலைச் சீட்டு அதில் ஒட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்து ஆளாளுக்குச் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் ஈரத்துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி உரம் ஏறிய தோள் அது. மத்தியானம் ஓரினின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது, அவளுக்கு இல்லை.

கொட்டகையில் பெர்னிஸ் எல்லாருக்கும் மாட்டிறைச்சி, பீன்ஸ், ரூபார்ப் கேக் என்று பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் மண்வெட்டிகளைப் பிக்கப் வண்டிகளில் போடத் தொடங்கினார்கள். வெல்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவர் ஓரினிடம் போய்க் கேட்டாள்.

"மிச்சத்தை எப்ப செய்வோம்?"

"எந்த மிச்சம்?"

"இங்கேருந்து என் வயல் வரைக்கும்."

ஓரின் ஒரு பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டார். "அங்கதான் யாரும் இல்லையே."

"நான் இருக்கேன்."

"ஆமா," என்றார் ஓரின். "இப்ப இருக்கீங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வந்தவர்கள் போவார்கள் என்பது அவருக்குச் சூரியன் உதிப்பது மாதிரி நிச்சயம். வெல்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தாள். அன்றைக்கும் அந்தக் கோடை முழுவதும், மறுகோடையும் அவள் ஒருத்தியாக அந்த வாய்க்காலில் மல்லுக்கட்டினாள். வண்டல் வாரினாள், எலி வளைகளை அடைத்தாள். வில்லோ மர வேர்கள்தான் அவளை ஜெயித்தன. வெட்ட வெட்ட வளர்ந்து வாய்க்காலையே விழுங்கிவிட்டிருந்தன. குளிர்காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், ஊரில் உள்ள முதியோர் இல்லத்துக்குத் துணி துவைத்துக் கொடுத்தாள். அங்கே உள்ள ஒவ்வொரு கிழவர் பெயரையும், அவர்கள் பேரப்பிள்ளைகள் பெயரையும், ஏன், நாய்களின் பெயரையும்கூடத் தெரிந்துகொண்டாள். ஊர் அவளைப் பார்த்தால் கையசைத்தது, வீட்டுக்கு மட்டும் வரவில்லை. கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. இன்னொரு கோடை பொய்த்தால் விற்றுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்பது அவளுக்கே தெரியும்.

அடுத்த குளிர்காலத்தில் மலையில் பனியே சரியாக விழவில்லை. மார்ச் மாதம் போஸ்ட் ஆபீஸில் ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. ஓடைத் தண்ணீரைப் பங்கிடுகிற அரசாங்க அதிகாரி டெல்பர்ட், வெல்மாவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்கென்ன வெல்மா, ஓடை வத்தினாலும் உங்க மடைக்கு வந்துதானே ஆகணும்."

"என் மடைக்கா? நல்ல வருஷத்துலயே அங்க நாய்க்குக் கால் நனையாது."

"நீங்க முறையிடாததால வரல. முறையிட்டா வரும்." அவள் விழிப்பதைப் பார்த்து டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. "அடடா, உங்களுக்குத் தெரியாதா? இங்க நிலம் மேல இருக்கா கீழ இருக்காங்கறது கணக்கு இல்ல. யாரு முதல்ல தண்ணி எடுத்தாங்களோ அவங்களுக்குத்தான் முதல் உரிமை. இந்த வாய்க்காலை வெட்டினவன் உங்க நிலத்துலதான் குடியிருந்தான். ஹாக்லண்ட் எல்லாம் அப்புறம் வந்தவங்க. நீங்க ஒரு ஃபோன் போட்டீங்கன்னா, மேல இருக்கற மடை அத்தனையும் நான் வந்து பூட்டணும். சட்டம்."

"இது இங்க எல்லாருக்கும் தெரியுமா?"

டெல்பர்ட் தன் கையிலிருந்த தபால்களைப் புரட்டினார். "தொட்டில்ல இருக்கற குழந்தைக்குத் தெரியாது," என்றார்.

வெல்மா வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வந்தது கோபம் இல்லை, கோபத்துக்கு மேலே ஒன்று. அவளோடு தோளோடு தோள் நின்று மண் அள்ளியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வயல் கருகுவதைக் கண்டும் காணாமல் வண்டியில் போனவர்களுக்கும், கேக்கை அறுத்துத் தட்டில் வைத்த பெர்னிஸுக்கும் தெரிந்திருக்கிறது. ஃபோனை எடுத்தாள், வைத்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் வயல் பச்சென்று நிற்கும், மேலே உள்ள பண்ணைகள் எல்லாம் காயும். பட்டுப் பாருங்கள் என்று மனசு கறுவியது. அப்படிக் கறுவுகிற தன் மனசைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்ட சேதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இதுவரை வாசல் மிதிக்காதவர்கள் எல்லாம் வரத் தொடங்கினார்கள். ஒருவர் எல்க் மான் கறி கொண்டுவந்தார், இன்னொருவர் ஜாம் கொண்டுவந்தார். எல்லாரும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். தண்ணீர் என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் வரவில்லை. கடைசியாக ஓரின் வந்தார். அவர் கையில் தொப்பியைத் தவிர ஒன்றுமில்லை.

"கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார். "டெல்பர்ட்டக் கூப்பிடப் போறீங்களா? கூப்பிடறதா இருந்தா மாடுங்கள இப்பவே வித்துடுவேன். ஜூலையில எலும்பும் தோலுமா விக்கறதுக்கு இது மேல்."

அவர் குரலில் கெஞ்சல் இல்லை. அது வெல்மாவுக்குப் பிடித்திருந்தது, பிடித்தது எரிச்சலாகவும் இருந்தது.

"இத்தனை நாளா ஏன் ஓரின் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கூப்பிடுவீங்கன்னு."

வெல்மா சிரித்துவிட்டாள். உண்மையைச் சொன்ன மனிதனிடம் எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருப்பது.

"கூப்பிடல," என்றாள். "மாட்ட விக்காதீங்க. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை தூர்வாற அன்னிக்குச் சாப்பாடு என் வயல்ல."

"பெர்னிஸ் எப்பவும் கொட்டகையிலதான்…"

"பெர்னிஸையும் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் வாய்க்கால் வழியா வரணும். பிக்கப்ல வந்து இறங்கறவங்களுக்குத் தட்டு கிடையாது."

ஓரின் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த வில்லோ வேரையெல்லாம் பார்த்திருக்கீங்களா?"

"அதுங்க ஒவ்வொண்ணுக்கும் பேரே வச்சிருக்கேன்," என்றாள் வெல்மா.

ஓரின் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

தூர்வாரும் நாளன்று வெல்மா விடியலிலேயே அடுப்பைப் பற்றவைத்தாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைக்கிற அவள் வீட்டுச் சமையல், அண்டா கொள்ளாமல். வயலோரம் மேசை போட்டாள், தட்டுகளை அடுக்கினாள். மத்தியானம் ஆயிற்று, மேட்டுப் பக்கம் ஒருவரையும் காணோம். கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. வெயில் சாய்ந்தது, சாப்பாடு ஆறியது. கையில் இருந்த ஒரே சாட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு விருந்து சமைத்த தன்னைப் போல ஒரு முட்டாள் உண்டா என்று நினைத்தாள். தட்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் மரம் அறுக்கிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி கேட்டது, கொஞ்சம் கிட்டத்தில். வெல்மா தட்டைப் பிடித்தபடி நின்றாள். வெகுநேரம் கழித்து வாய்க்கால் வளைவில் முதலில் தெரிந்தது பெர்னிஸ். முழங்கால் வரை சேறு, ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் மூடி போட்ட கேக் தட்டு.

"உன் வேருங்க நாசமாப் போக," என்றாள் பெர்னிஸ் மூச்சிரைக்க. "கேக் நசுங்கிப்போச்சு. எங்க வைக்கறது இத?"

அவளுக்குப் பின்னால் ஊரே வந்தது. கடைசியாக ஓரின், இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு, முகமெல்லாம் மரத்தூளாக. ஆறிப்போன சாப்பாட்டை யாரும் குறை சொல்லவில்லை, அண்டாவை வழித்துவிட்டார்கள்.

அந்தக் கோடை எல்லாருக்கும் வயிற்றைக் கட்டிய கோடைதான். ஒவ்வொருவர் முறையையும் ஒரே மாதிரி குறைத்துக்கொண்டார்கள். ஓரின் மாடுகளில் சிலவற்றை விற்க வேண்டித்தான் வந்தது, பெரும்பாலானவை தப்பின. வெல்மா வயலில் பாதியைக் காயவிட்டு, மீதியைக் காப்பாற்றுவது என்று வைத்துக்கொண்டாள்.

ஜூலையில் அவள் முறை வந்த பிற்பகல், மடையைத் திறந்து வைத்துவிட்டுக் கரையில் நின்றாள். மேட்டைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. வயலுக்குள் இறங்கிப் பரவியபோது அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீரின் கூடவே கரையோடு நடந்து வந்த ஓரின் பக்கத்தில் வந்து நின்றார். காய்ந்துகிடந்த பாதி வயலைப் பார்த்தார்.

"ஒரு ஃபோன் போட்டிருந்தா அத்தனை தண்ணியும் உனக்குத்தான்," என்றார். "பாதி வயல் காஞ்சிருக்காது. ஏன் போடல?"

"போட்டிருந்தா தண்ணி வந்திருக்கும், ஓரின்," என்றாள் வெல்மா. "நீங்க யாரும் வந்திருக்க மாட்டீங்க."

ஓரின் சேறு என்று பார்க்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முறை முடிந்து மடையை அடைக்கிற வரைக்கும் எழுந்து போகவில்லை.