ராகு காலத்தில் படுக்கும் வெப்சைட்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. மாத்தளை டவுனில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் கிளாசுக்குள் ரேவதி அழுதுகொண்டே வந்தாள். என்னிடம் படித்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அலுவிகாரையில் மாணிக்கம் முதலாளியின் கடையில் வேலை. கறுவா, ஏலம், சாதிக்காய் எல்லாம் வெப்சைட் வழியாக வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். வரும் ஆர்டரைப் பார்ப்பது இவள்தான்.

"சேர், ஒரு மாசமா வெப்சைட் தெனமும் படுத்துருது. நான்தான் எதையோ அமுக்கிட்டேன்னு வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு. போலீசுல சொல்லுவேங்கிறாரு!"

போலீஸ்! வடக்கில் சண்டை நடந்து, ரோட்டுக்கு ரோடு செக்பொயின்ட் இருக்கும் இந்தக் காலத்தில், ஒரு தமிழ்ப் பிள்ளை கம்ப்யூட்டரில் என்னமோ செய்துவிட்டாள் என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? அது முதலாளிக்கும் தெரியும். தெரிந்துதான் மிரட்டியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

மானிட்டர் தலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. மேசையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். ஐயரை வரவழைத்துப் பூசணிக்காயும் உடைத்தாயிற்றாம். சர்வர் இருப்பது அமெரிக்காவில்... திருஷ்டி கழிப்பது அலுவிகாரையில்!

"எரர் லாக்கைப் பார்த்தீங்களா மொதலாளி?"

"அது என்னாங்க சேர்?"

எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எதனால் நின்றது என்று சர்வர் தானாகவே வரி வரியாக எழுதி வைக்கும் குறிப்பு. அவ்வளவுதான். ரேவதி அதைப் பார்க்க பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறாள். "பொம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு?" என்று விரட்டிவிட்டார் இந்த அறிவாளி. பூசணிக்காயை நம்புவாராம், படித்த பிள்ளையை நம்பமாட்டாராம்.

பாஸ்வேர்டை அவரிடம் கேட்டு வாங்கி லாக்கைத் திறந்தேன். கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டிப் பார்த்தேன். செவ்வாய் — மூன்று முதல் நாலரை. புதன் — பன்னிரண்டு முதல் ஒன்றரை. வெள்ளி — பத்தரை முதல் பன்னிரண்டு. ஒவ்வொரு நாளும் சரியாக ஒன்றரை மணி நேரம்! சுவரில் நாட்காட்டி மாட்டியிருக்கும் எந்தத் தமிழனுக்கு இது விளங்காது?

"மொதலாளி, இது ராகு காலம்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. வெப்சைட்டைச் செய்து கொடுத்தது கொழும்பிலிருக்கும் அவர் மச்சான். போன மாதம் இவரே அவருக்கு போன் போட்டு, ராகு காலத்தில் ஆர்டர் எடுக்காதபடி செய்யச் சொல்லியிருக்கிறார். மச்சான் அரைகுறையாக எதையோ எழுதிப் போட, முழு வெப்சைட்டும் சேர்ந்து படுத்துவிட்டது.

"அதுக்குன்னு மொத்தக் கடையையுமா மூடச் சொன்னேன்?" என்று இப்போது மச்சான் மேல் பாய்ந்தார்.

இப்படித்தான் நாம். காரணத்தைத் தேடச் சோம்பல்... பழியைப் போட ஓர் ஏழைப் பிள்ளை கிடைத்தால் போதும்.

மன்னிப்பு? அந்த வார்த்தை அவர் கடையில் ஸ்டாக் இல்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி சரி, நடந்தது நடந்துருச்சு. ரேவதி, திங்கக்கெழம வேலைக்கு வந்துரு. ஏழரையிலேர்ந்து ஒம்பது ராகு காலம்... அது முடிஞ்சு வா."

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாங்க மொதலாளி. திங்கக்கெழம ஏழரைக்கு நான் சேரோட கிளாசுல வேலைக்குச் சேரப் போறேன்."

நான் எப்போது வேலை தருவதாகச் சொன்னேன்? ஆனாலும் திங்கட்கிழமை ஏழேகாலுக்கே கதவைத் திறந்து வைத்துவிட்டேன்.