ராசாத்திக்குப் பாடிய பாட்டு

நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தவள் குப்பாயி. மகள் ராசாத்தி காய்ச்சலில் இறந்தபோது அவள் பாடிய ஒப்பாரியைப் பக்கத்து வீட்டுக்காரர் டேப்பில் பதிவு செய்தார். அது கேசட்டாகிச் சேலம் ஜில்லா முழுக்க ஒலித்தது. குப்பாயி மேடைப் பாடகியானாள். சுவரொட்டிகளில் அவள் படம் வந்தது.

எந்த ஊரிலும் கூட்டம் அந்தப் பாட்டைத்தான் கேட்டது. ஆத்தூர்த் திருவிழாவில் அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

“இன்னைக்கு வேற பாட்டுப் பாடறனுங்க.”

“ஏனுங்கக்கா, சனம் அதுக்குத்தானுங்க வந்திருக்குது” என்றார் விழாக்காரர்.

பாடினாள். விசில் பறந்தது. பாதிப் பாட்டில் மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. கண்ணை இறுக மூடியும் வரவில்லை. குரல் மட்டும் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

“இன்னொருக்கா!” என்று கத்தியது கூட்டம். குப்பாயி முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.