இறங்காத தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில், அன்னூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பால் சொசைட்டியில் நான் வேலை பார்த்தேன். காலையில் வருகிற பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தரம் பார்ப்பதும் சாம்பிள் எடுத்து வைப்பதும் என் வேலை. அப்போது எனக்கு வயது இருபத்தாறு. மகளுக்கு இரண்டு. கணவர் கோவையில், கணபதி என்ற பகுதியில், ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார்.

மாசி மாதத்தில் ஒரு நாள், பால் ஊற்ற நின்ற வரிசைக்குள் ஒரு நாய் புகுந்தது. எங்கள் ஊர் நாய் இல்லை. தலையைத் தொங்கப்போட்டு, வாயில் எச்சில் ஒழுக, யாரையும் பார்க்காமல் நேராக வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த என்னால் எழுந்து ஓட முடியவில்லை. கெண்டைக்காலைக் கவ்வியது. வரிசையில் நின்ற தோட்டத்துக்காரர் ஒருவர் கேன் மூடியால் அதன் தலையில் அடித்தார். அது என்னை விட்டுவிட்டு அவர் கையைக் கடித்தது. ஊரில் பாதிப் பேர் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், உறவு இல்லாவிட்டாலும். வாசலுக்கு ஓடிய நாய், அங்கே கூட்டிக்கொண்டிருந்த பெண்ணையும் காலில் கடித்தது. அதற்குள் ஆட்கள் கல்லும் தடியுமாக வந்து அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

அந்தப் பெண் காலனியில் இருந்து வருகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காலையில் சொசைட்டியைக் கூட்டிக் கழுவிவிட்டு, பகலில் அன்னூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குப் போவார். மற்றவர்கள் மஞ்சளும் சுண்ணாம்பும் தேடி ஓடியபோது, அவர்தான் சத்தம் போட்டார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க! சோப்புப் போட்டுக் கழுவுங்க அம்மிணி. குழாயைத் தொறந்து விட்டுப்போட்டு, கை ஓயற வரைக்கும் கழுவுங்க. ஏனுங்க, நீங்களும் வாங்க."

மூன்று பேரும் ஒரே குழாயடியில் கழுவினோம்.

மறுநாளிலிருந்து தினமும் கோவைக்குப் பஸ். பெரிய ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு முன்னால் நீண்ட வரிசை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, ஒரு நாளைக்கு ஒன்று. போட்ட இடம் நெல்லிக்காய் அளவு வீங்கி, அடுத்த நாள் வரை சுடும். முதல் இரண்டு நாள் அந்தப் பெண் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். நானும் உட்காரச் சொல்லவில்லை. மூன்றாம் நாள், கணபதி தாண்டும்போது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்தார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்தார். அன்றுதான் அவரை முதல்முதலாக "அக்கா" என்று கூப்பிட்டேன்.

ஆறாம் நாள் பஸ் ஸ்டாப்புக்கு அண்ணன் வெறும் துண்டோடு வந்தார்.

"நான் வரலை அம்மிணி. வயிறு கல்லாட்டக் கெடக்குது, குனிஞ்சு ஒரு வேலை செய்ய முடியறதில்லை. கொடுமுடிப் பக்கம் ஒருத்தரு பச்சிலை குடுக்கறாராமா. ஒரே வேளை தின்னாப் போதுமாமா."

"ஊசியை நடுவுல விடக் கூடாதுங்கண்ணா," என்றார் அக்கா.

அவர் அக்காவின் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நர்சம்மா கேட்டா, ஊருக்குப் போயிருக்கறாருன்னு சொல்லிப்போடு."

நர்ஸ் கேட்டார். நான் அப்படியே சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். அதற்கு மேல் நர்ஸ் கேட்கவில்லை.

நானும் அக்காவும் பதினாலையும் போட்டு முடித்தோம். புண் ஆறியது. கோடை வந்தது. சித்திரை முடிகிற சமயத்தில், அண்ணனுக்குக் கை மதமதவென்று இருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றார்கள். இரண்டு நாளில், தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறார் என்று சேதி வந்தது.

பார்க்கப் போக வேண்டாம் என்றார் கணவர். நான் கேட்கவில்லை. எனக்காகக் கேன் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்.

கட்டிலில் அவரைப் படுக்கவைத்து, இரண்டு கையையும் துண்டால் கட்டியிருந்தார்கள். நினைவு தெளிவாக இருந்தது. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அம்மிணி, வந்தயா. தாகமா இருக்குது."

அவர் மனைவி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் போனதும் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, தொண்டை மேலும் கீழுமாக இழுத்தது. ஒரு சத்தம் வந்தது. நாய் மாதிரிக் குரைத்தார் என்று ஊரில் பின்னால் பேசினார்கள். அப்படி இல்லை. மூச்சுக்குத் தவிக்கிற மனிதச் சத்தம்தான் அது. யாரோ கதவைத் திறக்க, காற்று உள்ளே வந்தது. அதற்கும் அதே இழுப்பு. அது அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்:

"உனக்கு ஒண்ணும் இல்லையே அம்மிணி?"

மறுநாள் அவர் இறந்துவிட்டார்.

காரியம் முடிந்த அடுத்த நாள் காலை, அத்தை, அதாவது என் மாமியார், காபி கொடுத்தார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன். தொண்டை மூடிக்கொண்டது. யாரோ உள்ளிருந்து கையால் அடைத்த மாதிரி. காபி மூக்கில் ஏறி, புடவையெல்லாம் சிந்தியது. மறுபடியும் முயன்றேன். கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிந்தது. டம்ளரை வீசி எறிந்தேன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மத்தியானத்துக்குள் குழந்தையை நாத்தனார் ஊருக்கு அனுப்பிவிட்டார். அவளுக்கு நான் ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லை. கேட்டிருந்தாலும் நானே கொடுத்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. இரண்டு வாய் சோறு மட்டும் மென்று விழுங்கினேன். மறுநாள் கணவர், பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரைப் பற்றி விசாரித்து வருவதாகப் போனார். அவர் போனதும் நான் படுத்திருந்த அறையின் கதவை அத்தை வெளியிலிருந்து தாழ் போட்டார். முற்றத்தில் இரண்டு மூன்று ஆண்கள் பேசுவது கேட்டது.

"அவருக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது."

"கயிறு இருக்குதுங்களா?"

"மூர்க்கம் வந்துட்டாத் தாங்காதுங்க. இப்பவே கட்டிப்போட்டாத்தான் நல்லது."

"என்ற பையன் வந்துரட்டும்," என்றார் அத்தை. என்மேல் கோபம் இல்லை அவருக்கு, பயம். எனக்கு அப்போது அந்த வித்தியாசம் தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினாலு ஊசி போட்டேன், பதினாலு ஊசி போட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அண்ணனைக் கட்டின துண்டுதான் கண்ணில் நின்றது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கணவர் வந்ததும் ஆட்களை விரட்டிவிட்டு, ஒரு டாக்ஸி பேசி என்னைக் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். வழியெல்லாம் என் கையை விடவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். ஊசிச் சீட்டை வாங்கித் தேதிகளைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த ஃபேனை என் பக்கம் திருப்பி, முழு வேகத்தில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். காற்று முகத்தில் அடித்தது. எதுவும் ஆகவில்லை.

"கண்ணைத் திறங்க," என்றார். "அந்த நோயா இருந்தா இந்தக் காத்துக்கே உங்க கழுத்து இழுத்திருக்கும். எச்சிலை முழுங்கறீங்க, சோறு முழுங்கியிருக்கீங்க. ஊசியெல்லாம் முடிச்சிருக்கீங்க. உங்களுக்கு அது வரலைம்மா."

"அப்புறம் ஏனுங்க தண்ணி எறங்க மாட்டேங்குது? நான் வேணும்னு பண்ணறதில்லைங்க."

"தெரியும். நீங்க நடிக்கலை. பார்க்கக் கூடாததைப் பார்த்துட்டீங்க. பயம் தொண்டையில உட்கார்ந்திருக்கு. அதுவும் நிஜமான நோவுதான்."

குளுக்கோஸ் ஏற்றி, சாயங்காலம் வரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். கணவரிடம், "இவங்களைத் தனியா அடைச்சு வைக்காதீங்க. நம்பிக்கையான ஆள் யாராவது கூட உட்காரணும். அதுதான் இப்ப முக்கியமான மருந்து. நாளைக்கும் குடிக்கலைன்னா திரும்பக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

ஆனால் ஊரில் யார் வருவார்கள்? சொசைட்டியில் என் மேஜைக்கு வேறு ஆள் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் தொட்ட பால் வேண்டாம் என்று நாலு பேர் சொன்னார்களாம். மறுநாள் காலை கணவர் ஸ்பூனில் கொடுத்த தண்ணீரும் வெளியே வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை நான் நம்பினேன். என் தொண்டைதான் நம்பவில்லை.

மத்தியானம் வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க, அம்மிணி இருக்கறாங்களா?"

அக்கா. நர்சிங் ஹோமில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அத்தை அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. அவரும் வாசற்படிக்குக் கீழேயே நின்றார். நான் எழுந்து போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

"கேள்விப்பட்டேனுங்க. ராத்திரியெல்லாம் எனக்கும் தூக்கமில்லை. நானும் காலையில எந்திரிச்சதும் ஒரு சொம்புத் தண்ணியைக் குடிச்சுப் பாக்கறனுங்க, எறங்குதான்னு," என்றார். "நம்ம ரெண்டு பேரையும் கடிச்சது ஒரே நாயி. ஒரே குழாயில கழுவுனோம். ஒரே ஊசி, ஒரே பதினாலு. எனக்கு வரலைன்னா உங்களுக்கு எப்படிங்க வரும்? என்னையப் பாருங்க." பிறகு அத்தையைப் பார்த்து, "சித்தெ தண்ணி குடுங்க," என்றார்.

அத்தை சொம்பில் கொண்டு வந்தார். அக்கா பழக்கம் மாறாமல் குனிந்து இரண்டு கையையும் குவித்தார். அத்தை மேலேயிருந்து ஊற்றினார். எங்கள் வீட்டில் காலனி ஆட்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள். நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், நானே ஊற்றியும் இருக்கிறேன். தண்ணீர் அவர் விரலிடுக்கில் வழிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மடக் மடக் என்று சாதாரணமான சத்தம். சொம்பு முழுவதும் காலியானது.

"பாத்தீங்களா?" என்று வாயைத் துடைத்தார்.

நான் படியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் குனிந்து கையைக் குவித்தேன்.

"என்ன அம்மிணி இது, எந்திரி," என்றார் அத்தை.

"ஊத்துங்க அத்தெ."

"டம்ளர்ல தாரேன், மேலே வா."

"டம்ளர் வேண்டாமுங்க. இப்படியே ஊத்துங்க."

அத்தை சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து தயங்கி நின்றார். பிறகு ஊற்றினார். முதல் வாய் தொண்டையில் நின்றது. அக்கா என் முதுகில் கையை வைத்தார். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா. நானும் இருக்கறனில்லீங்க," என்றார் அக்கா. அந்த வாய் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. மூன்றாவது புரைக்கேறி, இருமி, அழுது, பிறகு அதுவும் இறங்கியது. அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. டம்ளரைத் தொட எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் வந்தார். சில நாள் கால் மணி நேரம், சில நாள் நின்றபடியே இரண்டு வார்த்தை. ஒன்பதாம் நாள் மகளைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அண்ணன் வீட்டுப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. நர்ஸிடம் சொன்ன பொய் அறுத்துக்கொண்டே இருந்தது. அதை அக்காவிடம்தான் முதலில் சொன்னேன்.

"என்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகுது? அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க. நானும் கூட வாரேன்," என்றார்.

போனோம். அண்ணனின் மனைவி முழுவதையும் கேட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நானும்தான் சொன்னேன், ஊசியை விட வேண்டாமுன்னு," என்றார் கடைசியில். "என்ற பேச்சையே கேக்கலை. நீ சொல்லியா கேட்டிருக்கப்போறாரு?" பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. இனி வராதே என்று சொல்லவில்லை. அதனால் மாதம் ஒரு தடவை போனேன்.

எங்கள் வீட்டில் அக்காவுக்கென்று ஒரு டம்ளர் வந்தது. அத்தை வாங்கியது. ஆனால் அது வாசல் ஜன்னலில் தனியாகத்தான் இருந்தது. நான் அதைக் கண்டும் பேசாமல் இருந்தேன், பல வருஷம். இதையும் எழுதாமல் விட்டால், நான் ஏதோ பெரிதாகத் திருந்திவிட்டேன் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

ஆடியில் சொசைட்டிக்குத் திரும்பினேன். முதல் நாள் வரிசை என் மேஜைக்கு வராமல், செக்ரட்டரியின் மேஜைக்கு முன்னால் வளைந்து நின்றது. பத்து நிமிஷம் லாக்டோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணனின் மனைவி கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே மேஜைமேல் கேனை வைத்து மூடியைத் திறந்தார்.

"பாரு," என்றார்.

பார்த்தேன். நல்ல பால். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார்.